வெயிலைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்க நினைப்பவர் கடைக்குப் போனதும் காதில் விழும் முதல் சொல் ‘எஃபிஷியன்சி’. டியூப் மாடல் விற்பவர் தம்முடையதே வெயிலை அதிகம் பிடிக்கும் என்பார். பேனல் மாடல் விற்பவர் தம்முடையது இருபது ஆண்டு உழைக்கும் என்பார். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் தமிழ்நாட்டு வெயிலில் ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்தச் சேகரிப்பானும் குளிக்கப் போதுமான சூட்டைத் தந்துவிடும். எது நீடித்து உழைக்கும், எது சில ஆண்டுகளில் மாடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் என்பதை முடிவு செய்பவை வேறு மூன்று: அந்த வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், அந்த வீட்டார் குளிக்கும் நேரம், மாடியிலிருந்து குளியலறை வரை போகும் பைப். கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது பயன்படும். ஒவ்வொரு வகையும் ஏதோ ஓர் ஊரின் தேவைக்காகப் பிறந்தது. 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் ‘கிளைமாக்ஸ்’ என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கருப்பு பூசிய உலோகத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கிடத்தியிருந்தார், அவ்வளவுதான். பிற்பகலில் தண்ணீர் நன்றாகச் சுடும், விடிவதற்குள் ஆறிவிடும். 1909-இல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெய்லி இந்தக் குறையைத் தீர்த்தார். வெயிலைப் பிடிக்கும் தட்டையும் வெந்நீர்த் தொட்டியையும் பிரித்து, தொட்டியைத் தட்டுக்கு மேலே வைத்து, அதைச் சுற்றிச் சூடு கடத்தாப் பொருளைத் திணித்தார். சூடான தண்ணீர் எடை குறைந்து தானே மேலேறித் தொட்டிக்குப் போகும். கனத்த குளிர்ந்த நீர் கீழிறங்கித் தட்டுக்கு வரும். மோட்டார் தேவையில்லை. மறுநாள் காலையிலும் வெந்நீர் கிடைத்ததால் கருவிக்கு ‘டே அண்ட் நைட்’ என்று பெயர் வைத்தார். இன்று நம் மாடிகளில் இருக்கும் ஃபிளாட் பிளேட் கருவி அடிப்படையில் இதுதான்.

1913-இல் கலிஃபோர்னியாவில் கடுங்குளிர் வந்தபோது பெய்லியின் கருவிகளில் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்தன. அதன் பிறகு அவர் தட்டுக்குள் உறையாத திரவத்தை ஓடவிட்டு, அதன் சூட்டைத் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாகக் குளிக்கும் தண்ணீருக்கு மாற்றும் முறைக்குப் போனார். இஸ்ரேலில் ஹாரி தாபோர் 1950-களில் வெயிலை உறிஞ்சிக்கொண்டு வெப்பத்தைத் திருப்பி உமிழாத தனிவகைக் கருப்புப் பூச்சை உருவாக்கினார். 1980-இல் அந்நாடு புதுக் குடியிருப்புகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைச் சட்டமாக்கியது. சீனாவில் 1980-களில் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரட்டைக் கண்ணாடிக் குழாய்க்கான பூச்சை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார்கள். இன்று உலகில் நிறுவப்பட்டுள்ள சூரிய வெந்நீர்ச் சேகரிப்பான்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீனாவில்தான் இருக்கின்றன, பெரும்பாலும் டியூப் வகையாக. வட சீனக் குளிருக்குப் பொருந்திய அந்தக் குழாய், விலை மலிவால் 2000-களின் பிற்பகுதியில் நம் சந்தையையும் பிடித்தது. நம் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அது பொருந்துமா என்ற கேள்வியை அப்போது பெரிதாக யாரும் எழுப்பவில்லை.

பேனல் மாடல் எனப்படும் ஃபிளாட் பிளேட், டியூப் ஆகிய இரண்டின் உடலமைப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாட் பிளேட் என்பது ஏறக்குறைய 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளமுள்ள அலுமினியப் பெட்டி. மேலே இரும்புச்சத்து குறைந்த டஃபன்டு கண்ணாடி, உள்ளே கருப்புப் பூச்சிட்ட செம்புத் தகடுகள், அவற்றோடு ஒட்டிய அரை அங்குலச் செம்புக் குழாய்கள், அடியில் ராக்வூல். டியூப் வகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய்கள். நடுவில் காற்று நீக்கிய வெற்றிடம். சூட்டை வெளியே விடாமல் காப்பதில் இது ஃபிளாஸ்க் மாதிரி. உட்குழாயில் தண்ணீர் நேரடியாக நிற்கும். குழாயின் வாய் ரப்பர் வளையத்தின் வழியே தொட்டிக்குள் செருகியிருக்கும். இதே டியூப்பில் தண்ணீருக்குப் பதில் ஆவியாகும் திரவம் அடைத்த செம்புக் குழாயைச் செருகினால் அது ஹீட் பைப் வகை. விலை கூடுதல்; ஆனால் ஒரு டியூப் உடைந்தாலும் தண்ணீர் கொட்டாது. கண்ணாடியே இல்லாத பிளாஸ்டிக் சேகரிப்பான்கள் நீச்சல் குளத்துக்கானவை; வீட்டுக் குளியலுக்கு வேண்டாம்.

இப்போது அந்த எஃபிஷியன்சிக் கணக்குக்கு வருவோம். சேகரிப்பான் அடைத்துக்கொள்ளும் முழு இடத்தை வைத்துப் பார்த்தால், நல்ல ஃபிளாட் பிளேட் தன்மீது விழும் வெயிலில் சுமார் 75 விழுக்காட்டை உள்வாங்கும். டியூப் வகை 60 விழுக்காட்டை ஒட்டித்தான் வாங்கும், ஏனெனில் குழாய்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. வாங்கியதை இழப்பதில் நிலைமை தலைகீழ். தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஃபிளாட் பிளேட் சதுர மீட்டருக்குச் சுமார் 4 வாட் இழக்கும், டியூப் 1.5 வாட்டை ஒட்டி இழக்கும். சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில், காற்று 32 டிகிரி, தண்ணீர் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாட் பிளேட் 488 வாட் தரும், டியூப் 438. இரண்டும் சமமாக வேண்டுமானால் தண்ணீர் 80 டிகிரிக்கு ஏற வேண்டும். நாம் யாரும் 80 டிகிரியில் குளிப்பதில்லை. சமவெளித் தமிழ்நாட்டில் பளிச்சென்ற வெயில் நாளில் பழைய பேனல் மாடலே முன்னால் நிற்கிறது என்பதைக் கடைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மேகமூட்ட நாளில் கணக்கு மாறும். வெயில் 300 வாட்டாகக் குறைந்து, தண்ணீர் காற்றைவிட 25 டிகிரி மட்டுமே கூடுதலாக இருந்தால் டியூப் 142 வாட் தரும், ஃபிளாட் பிளேட் 125. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வெந்நீர் மிகவும் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில், டியூப்புக்குச் சற்றே கை ஓங்கும். உருண்டை வடிவம் காலை, மாலைச் சாய்வெயிலையும் நன்றாக வாங்கும். ஆனால் இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒன்றிரண்டு டியூப்பைக் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டிவிடக் கூடியவை. 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் ஃபிளாட் பிளேட், அல்லது 47 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள டியூப் 14 அல்லது 15 என்பது இங்கே பல காலமாக வழங்கிவரும் அளவு. அதைப் பின்பற்றினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும்.

ஒரே வேலையைச் செய்யாதது தண்ணீர். கோயம்புத்தூரில் ஒரே தெருவில் ஒரு வீட்டு டேங்க்கில் சிறுவாணித் தண்ணீர் ஏறும். அடுத்த வீட்டில் ஆயிரம் அடி ஆழத்துப் போர் தண்ணீர் ஏறும். முதல் வீட்டுக்குச் சரியான கருவி இரண்டாம் வீட்டில் நாசமாகிவிடும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படியும். பெரும்பாலான உப்புகள் சுடுநீரில் அதிகம் கரையும். இது நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். ஆகவே தண்ணீர் எங்கே அதிகம் சுடுகிறதோ, அங்கேதான் முதலில் படியும். சேகரிப்பானின் உட்சுவர்தான் அந்த இடம்.

இது எவ்வளவு பெரிய அளவு என்பதற்கு ஒரு கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. 400 உள்ள தண்ணீரில் கால் பங்கு மட்டும் படிகிறது என்று வைத்தாலும், நாளுக்கு 100 லிட்டர் ஓடும் வீட்டில் தினமும் 10 கிராம். ஓர் ஆண்டுக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல். அரை அங்குலச் செம்புக் குழாய்க்குள் இது ஏறினால் ஓட்டம் குறையும். மோட்டார் இல்லாமல் எடை வேறுபாட்டால் மட்டுமே ஓடும் நீர், சிறு தடையிலும் தயங்கி நின்றுவிடும். பேனல் கொதிக்கும், தொட்டி குளிர்ந்தே இருக்கும். டியூப் வகையில் உப்பு அகன்ற கண்ணாடிக் குழாயின் அடியில் போய்த் தங்கும். வேலை மெல்லக் குறையும், ஆனால் நிற்காது. டியூப்பைக் கழற்றிக் கழுவிப் போடலாம். எனவே போர் தண்ணீர் வீட்டுக்கு நேரடி ஃபிளாட் பிளேட்டைப் பரிந்துரைப்பது தவறு என்றே சொல்வேன்.

ஃபிளாட் பிளேட்தான் வேண்டும், தண்ணீரோ கடினம் என்றால் பெய்லியின் இரண்டாவது வழி இருக்கிறது. பேனலுக்குள் ஒரே திரவம் மூடிய சுற்றாகத் திரும்பத் திரும்ப ஓடும். அதிலுள்ள உப்பு ஒரு தடவை படிவதோடு சரி. குளிக்கும் தண்ணீர் பேனலுக்குள் நுழைவதே இல்லை. படியும் உப்பு தொட்டிக்குள் வெப்பப் பரிமாற்றியின் மேல் படியும், அங்கே இடம் தாராளம். கூடுதல் விலை கொடுக்கத் தக்க முறை இது.

டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டிவிட்டுப் போகிறவரை நம்பி முடிவெடுக்காதீர்கள். மொத்தக் கரைபொருள் வேறு, கடினத்தன்மை வேறு. சமையல்கட்டில் பருப்பு வேக மறுக்கிறதா, சோப்பு நுரைக்காமல் திரிகிறதா என்பது அந்த மீட்டரைவிட நல்ல அடையாளம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்குவது அதைவிட நல்லது. குளோரைடு எதற்கு? தொட்டிக்காக. சுடுநீரில் குளோரைடு மிகுந்தால் 304 வகை எவர்சில்வர் தொட்டி வெல்டிங் ஓரங்களில் துளைபடும். மாலிப்டினம் சேர்ந்த 316 வகை கூடுதலாகத் தாங்கும். கடலோர ஊர்களில் உட்புறம் கண்ணாடிப் பூச்சிட்ட இரும்புத் தொட்டியும், தான் கரைந்து தொட்டியைக் காக்கும் மக்னீசியத் தண்டும் இன்னொரு வழி. தண்டு கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஆள் வருவாரா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். சாஃப்ட்னர் வைத்தால் கால்சியம் போகும், குளோரைடு போகாது.

மலைக்கு மேல் வேறு சிக்கல். ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் ஓடைத் தண்ணீரும் அணைத் தண்ணீரும் பெரும்பாலும் மென்மையானவை. உப்புக் கவலை குறைவு. ஆனால் ஊட்டியிலும் சுற்றுப்புறத்திலும் மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழும். காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே, தெளிந்த வானத்தை நோக்கிக் கிடக்கும் தட்டு தன் சூட்டை உமிழ்ந்து பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். செம்புக் குழாய்க்குள் தண்ணீர் பனிக்கட்டியாகி விரியும், குழாய் பிளக்கும். டியூப்புக்குள் இருக்கும் தண்ணீரை வெற்றிடம் காத்துவிடும். ஆனாலும் தொட்டிக்குப் போகும் வெளிப் பைப்புக்கு உறை போடாவிட்டால் அது உறையும். மூடிய சுற்றில் புரொப்பிலின் கிளைக்கால் கலந்த நீரை ஓட்டும் ஃபிளாட் பிளேட்டும் மலைக்கு ஏற்றதே. நச்சுள்ள எத்திலின் கிளைக்காலை வீட்டுக் கருவியில் ஊற்ற விடக் கூடாது. மலையூர்களில் குரங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாடியில் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றால் அவை சும்மா இருக்காது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னையிலிருந்து விழும் தேங்காய்க்கும் டியூப் தாங்காது. மேலே வலை கட்ட முடியாத இடத்தில் டஃபன்டு கண்ணாடிப் பேனலே மேல்.

அளவு விஷயத்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைக்கு மேல் விற்கப்படுகிறது. 20 லிட்டர் பக்கெட்டில் 40 டிகிரி தண்ணீர் வேண்டும் என்றால், 60 டிகிரி வெந்நீர் ஒன்பது லிட்டருக்குள்தான் தேவை. மீதி 25 டிகிரி பச்சைத் தண்ணீர். பச்சைத் தண்ணீரே 15 டிகிரியில் வரும் ஊட்டியில் 11 லிட்டர். நான்கு பேர் பக்கெட்டில் குளிக்கும் வீட்டுக்கு 100 லிட்டர் கருவி தாராளம். ஷவரில் நின்று குளிப்பவர்கள் இருந்தால்தான் அதற்கு மேல் யோசிக்க வேண்டும். அளவுக்கு மீறியது சமவெளியில் தொல்லையும் கூட. சித்திரை வெயிலில் யாரும் வெந்நீரைத் தொடாதபோது தொட்டி 80 டிகிரியைத் தாண்டும். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் குளியலறைக்கு முன்பாகத் தானே பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் மிக்சிங் வால்வு ஒன்று அவசியம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நம் வீடுகளில் குளியல் பெரும்பாலும் விடிகாலையில். முந்தைய பிற்பகலில் பிடித்த சூடு பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் தொட்டிக்குள் காத்திருக்க வேண்டும். அப்படியென்றால் சேகரிப்பானைவிடத் தொட்டியின் உறையே முக்கியம். தொட்டியைச் சுற்றி 50 மில்லிமீட்டருக்குக் குறையாத பஃப் எனும் சூடு கடத்தா நுரை இருக்க வேண்டும். மூலைகளிலும் பைப் நுழையும் இடங்களிலும் விடுபடாமல் இருக்க வேண்டும். ஃபிளாட் பிளேட் என்றால் தொட்டியின் அடி, பேனலின் மேல் விளிம்பைவிட ஓர் அடியாவது உயரத்தில் நிற்க வேண்டும். இல்லையேல் இரவில் ஓட்டம் திரும்பி, பகலில் சேர்த்த சூட்டைப் பேனல் வானத்துக்கு விட்டுவிடும். விலைப் பட்டியலில் இந்த ஓர் அடி இருக்காது. ஸ்டாண்டைக் குட்டையாக்கிச் செலவைக் குறைப்பவரின் வேலையில்தான் ‘ராத்திரி சூடா இருந்துச்சு, காலைல பச்சத் தண்ணி’ என்ற புகார் வரும்.

பைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை என்றாலும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முக்கால் அங்குலப் பைப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறைக்கு 20 மீட்டர் என்றால், ஒவ்வொரு முறை குழாய் திறக்கும்போதும் ஐந்து லிட்டர் ஆறிய தண்ணீர் போன பிறகே சூடு வரும். வெந்நீர்த் தடத்தைத் தடிமனாகப் போடாதீர்கள், சாதா பி.வி.சி. கூடாது, சி.பி.வி.சி. வேண்டும், மேலே உறையும் வேண்டும். இரண்டாவது, பிரஷர் பம்ப். சாதாரண டியூப் மாடல் தொட்டி, காற்றுக் குழாய் திறந்திருக்கும், அழுத்தம் தாங்காத தொட்டி. பம்ப்பை நேராக அதற்குள் தள்ளவிட்டால் தொட்டி உப்பிவிடும், ரப்பர் வளையங்கள் பிதுங்கும். பம்ப் உள்ள வீட்டுக்கு அழுத்தம் தாங்கும் தொட்டியோடு வரும் ஃபிளாட் பிளேட்டையோ ஹீட் பைப்பையோ கேட்க வேண்டும்.

மழைக்காலத்துக்குத் தொட்டிக்குள் 2 கிலோவாட் மின்சுருள் வைப்பார்கள். அதைத் தெர்மோஸ்டாட்டோடு நாள் முழுக்க விட்டுவைத்தால் சூரியன் உதிப்பதற்குள் மின்சாரமே தொட்டியைச் சூடாக்கி முடித்திருக்கும். பிறகு வரும் வெயிலுக்கு வேலையே இல்லை. குளிப்பதற்குச் சற்று முன் மட்டும் ஓடும் டைமர் போதும்.

இனி கேட்டே ஆக வேண்டிய கேள்வி: வெந்நீருக்கென்று தனிச் சேகரிப்பான் இன்றும் தேவையா? பெய்லியின் வணிகத்தை 1920-களில் கலிஃபோர்னியாவுக்கு வந்த மலிவான எரிவாயு சரித்தது. இன்று அந்த இடத்தில் மலிவான சூரிய மின்பலகை நிற்கிறது. 100 லிட்டரை 25-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் வேண்டும். கீசருக்கு அது அப்படியே 4 யூனிட் மின்சாரம். காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்ப்புக்கு நம் தட்பவெப்பத்தில் ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டு மாடியில் 1 கிலோவாட் மின்பலகை நாளுக்கு 4 யூனிட் தரும். கோடையில் வெந்நீர் வேண்டாதபோது அந்த மின்சாரம் மின்விசிறிக்கோ மின்வாரியக் கம்பிக்கோ போகும். வெந்நீர்ச் சேகரிப்பானின் கோடை வெப்பம் எங்கும் போகாது. அரசின் கையும் அந்தப் பக்கம்தான். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட் மின்பலகைக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. சூரிய வெந்நீர்க் கருவிக்கு நாடு தழுவி இருந்த மானியமோ 2014-இல் நின்றுபோனது.

எனவே புது வீடு கட்டி, மின்பலகையும் போடப்போகிறவருக்கு ஹீட் பம்ப்பையே சொல்வேன். ஆனால் அதில் கம்ப்ரஸர் உண்டு. பழுது பார்க்கத் தெரிந்தவர் சிற்றூர்களில் அரிது. மின்சாரம் போனால் நின்றுவிடும். மோட்டார் இல்லாமல் எடை வேறுபாட்டால் மட்டுமே நீர் ஓடும் தெர்மோசைஃபன் கருவியில் அசையும் பாகமே கிடையாது. மென்மையான தண்ணீரும் பெரிய குடும்பமும் உள்ள வீடு, அடிக்கடி மின்தடை வரும் ஊர், மலைமேல் ஆண்டு முழுக்க வெந்நீர் தேவைப்படும் விடுதி, இவற்றுக்கு ஃபிளாட் பிளேட் இன்றும் தக்க தேர்வு. மலையில் உறைபனிக்காக அதை மூடிய சுற்றாகப் போட வேண்டும், அவ்வளவே. போர் தண்ணீர் வீட்டுக்கு டியூப். பால் பண்ணை, உணவகம் போலப் பாத்திரம் கழுவ 70, 80 டிகிரி கேட்கும் இடத்துக்கும் டியூப்தான். டியூப்பின் குறைந்த இழப்பு உண்மையாகவே பயன்படும் வெப்பநிலை அது. கர்நாடகத்தில் பெங்களூரு மாடிகளில் இந்தக் கருவிகள் பெருகியதற்குப் புதுக் கட்டடங்களுக்கு வைத்த கட்டாயமும் மின்கட்டணத்தில் தந்த சிறு கழிவும் காரணம். இங்கே அத்தகைய கழிவு வந்தால் விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் தொடங்குவது சரியாக இருக்கும். அங்கே வெந்நீர் தினமும், எல்லாப் பருவத்திலும் செலவாகிறது. பிடித்த வெப்பம் வீணாவதில்லை.

வாங்கிய பிறகு பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஃபிளாட் பிளேட்டில் ஐ.எஸ். 12933 முத்திரை இருக்கட்டும். தெற்கு நோக்கி, 20 முதல் 25 டிகிரி சாய்வில் நிறுத்தினால் மார்கழிச் சாய்வெயில் நேராக விழும். டேங்க்கின் நிழலோ பக்கத்து வீட்டு லிஃப்ட் அறையின் நிழலோ காலை 9 முதல் 3 வரை விழாத இடமாகப் பாருங்கள். டியூப்பின் அடிநுனியில் வெள்ளிப் பூச்சு பளபளக்கும். அது வெண்மையாக மாறினால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்த ஒரு டியூப்பை மட்டும் மாற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் அடி வால்வைத் திறந்து படிவை வெளியேற்றுங்கள். டியூப் மாடலில் முதல் தடவை தண்ணீர் விடுவதை விடியற்காலையில் செய்யச் சொல்லுங்கள். வெயிலில் காலியாகக் கிடந்த டியூப்பின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டியிருக்கும். நண்பகலில் வந்த பிளம்பர் வால்வைத் திறந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் விரிசல் விடும்.